சாய்ந்தது மட்டும் தெளிவாகத் தெரிகிறது

மார்ச் 3

கண்களின் பேரரசியும், கருவிழியை அளப்பதில் கரை கண்டவளும், என் அக்காவின் ஒரே மகளும், இன்று காலை முதல் என் பரம எதிரியுமான மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ பதினாலு தடவை போன் பண்ணியதாக அத்தை சொன்னாள். எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியிலேயே இளகிவிடுவேன். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை. என் கோபத்தை ஓரம் உடையாமல் பெட்டியில் அடைத்து உனக்கு அனுப்பலாம்.

பிப்ரவரி 12-ம் தேதி உங்கள் ஆஸ்பத்திரியில் என் வலது கண்ணில் புரையை எடுத்தீர்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, எறும்பின் புருவம் கூடத் தெரிகிறது என்று அறிவித்தேன் அல்லவா, அதை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

நேராக நிற்கிற எதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கதவு நிலைக்குத் தாடி முளைத்திருக்கிறது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆவிக் கம்பி. உன் அத்தைக்கு ஒன்றரை வாய். அதை அவளிடமே சொன்னேன். "ஒரு வாய்க்கே நீங்க ஒழுங்கா பதில் சொன்னதில்ல" என்றாள்.

படுத்த கோடும் அப்படித்தான், நின்ற கோடும் அப்படித்தான். ஆனால் கேள். சுவரில் வலப்பக்கம் சாத்திய ஏணி மட்டும் கத்தியால் கீறியது போலத் தெரிகிறது. மாடிப்படிக் கைப்பிடி அப்படியே பளிச். முப்பத்தி நாலு வருஷமாக நான் டைல்ஸ் ஒட்டுகிறேன். சாய்வு என்ற ஒன்றை எதிர்த்து நான் நடத்திய போரில் எத்தனை தரைகள், எத்தனை சுவர்கள். இன்று எனக்குச் சாய்ந்தது மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. எதிரியின் படையை மட்டும் பார்க்கிற கண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இது விளையாட்டு இல்லை. புது நூலகத்தின் பெரிய ஹால், நூற்று இருபது அடி நீளம், மே 22-ம் தேதி முதல் வரிசை போடவேண்டும். முதல் வரிசை எப்படிப் போகிறதோ அப்படித்தான் மிச்ச தரை முழுக்கப் போகும். அது ஒரு நூல் விலகினால் அந்தக் கடைசிச் சுவரில் நாலு விரல் விலகும். என்ஜினியர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மேஸ்திரி, முதல் வரிசை உங்க கையால விழுந்தா வேலை உங்களுது. முடியலேன்னா லேசர் பாத்துக்கட்டும்." லேசர் யாரென்று உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக என் பக்கத்தில் முட்டி போட்டு வேலை செய்கிறவன். சிவப்புக் கோடு அடிக்கிற அந்த மெஷினை வாங்கியதிலிருந்து நான் வைத்த பெயர். நேற்று அந்த மெஷினைத் தட்டினான். அவனுக்கு நூல் மாதிரி தெரிகிற கோடு எனக்கு உள்ளங்கை அகலம்.

லென்ஸைக் கோணலாக வைத்துவிட்டீர்கள். ஒத்துக்கொள்.

இப்படிக்கு,
கோணலாக்கப்பட்ட மாமா


மார்ச் 9

மாமா,

லென்ஸ் நேராகத்தான் இருக்கிறது. கோணல் எங்கே என்று சொல்கிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

கண்ணுக்கு முன்பக்கம், கருவிழிக்கு மேலே, கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் எல்லாக் கோடும் தெளிவாகத் தெரியும். புரை எடுக்க மற்றவர்களுக்கு அதில் சின்னதாக ஒரு கீறல் போதும், தையலே வேண்டாம். உங்களுக்கு ஏன் போதவில்லை? மூன்று வருஷம் புரையை வைத்துக்கொண்டு "வெளிச்சம் பத்தல" என்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அது முற்றி, கல்லாகி, பழுப்பாகிவிட்டது. அதை எடுக்க டாக்டரம்மா பெரிய வாசல் திறக்க வேண்டியிருந்தது. மேல் ஓரத்தில், வலது நெற்றிப்பொட்டுப் பக்கமாக. திறந்த வாசலை ஒரு தையல் போட்டு மூடினார். அந்தத் தையல் இப்போது இறுக்கமாக இழுக்கிறது. இழுக்கிற திசையில் படலம் கூடுதலாக வளைந்துவிட்டது. பந்தை ஒரு பக்கம் கயிறு போட்டுக் கட்டியது போல. அதனால்தான் அந்தத் திசையில் சாய்ந்த கோடு மட்டும் தெளிவு, மற்றது எல்லாம் பூசணம் பூத்த மாதிரி மங்கல். இதற்குப் பெயர் சிலிண்டர் பவர்.

இதைத் தையல் பிரித்தால் பாதிக்கு மேல் குறைக்கலாம். ஆனால் காயம் ஆறிய பிறகுதான். ஏப்ரல் 8-ம் தேதி வாருங்கள். அதுவரை கண்ணாடி வாங்காதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். சிமென்ட் கலக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

இதையெல்லாம் ஐந்தாம் நாள் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நான் டியூட்டி முடிந்து வந்தால் வீடு காலி. மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு: "வெற்றியுடன் புறப்படுகிறேன்." ஒன்பது மணி நேரப் பயணம், காயம் ஆறாத கண்ணோடு. எனக்கும் கோபப்படத் தெரியும் மாமா.

மருமகள்


மார்ச் 26

காயம் பட்ட மாமாவைக் கயிறு கட்டிய பந்து என்று வர்ணித்த புலவருக்கு,

உன் கடிதத்தை அத்தை சத்தமாகப் படித்தாள். பல்பு மாற்றிய இடத்தில் நிறுத்தி, இரண்டு தடவை படித்தாள். மூன்று வருஷம் ஸ்டோர் ரூமில் பதுக்கி வைத்திருந்த என் ரகசியம் இப்படி அம்பலம் ஏறிற்று. உனக்கு நல்லா இருக்கட்டும்.

இனி என் சாதனை. கண்ணாடி வாங்காதே என்றாய். வாங்கிவிட்டேன். நம் தெருமுனைக் கடைக்காரர் மெஷினில் என் தாடையை வைத்து, உள்ளே ஏதோ பலூன் படம் காட்டி, "சிலிண்டர் இருக்கு, போட்டுடலாம்" என்றார். இரண்டே நாளில் கண்ணாடி. போட்டதும் உலகமே ஒழுங்குக்கு வந்தது. கதவு நிலை தாடி மழித்துக்கொண்டது. உன் அத்தையின் வாய் ஒன்றாகக் குறைந்தது, பேச்சு குறையவில்லை. உன்னைத் தோற்கடித்த சந்தோஷத்தில் அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

பத்தாவது நாள் திரும்பப் பூசணம். கடைக்காரரிடம் போனால், "பவர் மாறிடுச்சு சார்" என்கிறார். பத்து நாளில் மாற இது என்ன கண்ணா, வானிலை அறிக்கையா?

வேலை இடத்துக்குப் போகிறேன், ஆனால் கீழே உட்காருவதில்லை. நாற்காலி போட்டு மன்னன் மாதிரி மேற்பார்வை. லேசர் வந்து, "கண்ணு எப்படி மேஸ்திரி?" என்று கேட்கிறான். "கழுகு கூட என்கிட்ட டியூஷன் படிக்கும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 8-ம் தேதி வர மாட்டேன். ஒருமுறை கத்தியைக் கண்ணுக்குள் விட்டது போதும். நான் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு அன்று வேறு வேலை இருக்கும். என்ன வேலை என்று யோசித்து எழுதுகிறேன்.

மாமா


மார்ச் 31

மாமா,

ஒரே ஒரு கேள்வி. தளம் போட்ட மறுநாளே அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவீர்களா?

ஒட்ட மாட்டீர்கள். "தளம் இன்னும் இறங்கும், இறுகும், அதுவரைக்கும் கை வைக்காதே" என்று நீங்கள் என்ஜினியர்களையே திட்டி நான் கேட்டிருக்கிறேன். கண்ணிலும் அதேதான். காயம் ஆறும்போது படலத்தின் வளைவு வாரத்துக்கு வாரம் மாறும். முதலில் அதில் கொஞ்சம் வீக்கம் இருக்கும், அது வடியும். தையல் கொஞ்சம் தளரும். மாறிக்கொண்டே இருக்கிறதற்கு அளவெடுத்துக் கண்ணாடி போட்டால் பத்து நாள்தான் தாங்கும். உங்கள் கண்ணாடி கெட்டுப்போகவில்லை, தளம் இறங்கியிருக்கிறது.

தையல் பிரிப்பதற்குக் கத்தி கிடையாது. சொட்டு மருந்து போட்டு மரத்துப்போன பிறகு, ஊசி முனையால் நூலை அறுத்து இழுத்துவிடுவார்கள். நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தால், விடுவதற்குள் முடிந்துவிடும். நான் பக்கத்தில் நிற்பேன். கையைப் பிடித்துக்கொள்ளலாம், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இந்த ஆபரேஷனை நீங்கள் கேட்கவில்லை. நான்தான் அடம்பிடித்தேன், அழுதேன், அம்மாவை விட்டுப் பேச வைத்தேன். இங்கே எல்லாரிடமும் "என் மாமா கண்ணு, என் மாமா வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மே 22-ம் தேதி நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது நான் உட்கார வைத்தது. அதனால் வாருங்கள்.

வேறு வேலை எதுவும் யோசிக்க வேண்டாம்.

மருமகள்


ஏப்ரல் 14

ஊசிமுனைத் தளபதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

தையல் பிரித்ததைப் பற்றி இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரம் நடந்தது, நான் இமைக்கவே இல்லை, டாக்டரம்மா நடுவில் களைத்துப்போய் டீ குடிக்கப் போனார் என்று. அரை நிமிஷம் என்று நீ யாரிடமாவது சொன்னால் மறுத்து அறிக்கை விடுவேன். ஆனால் நீ டப்பாவில் போட்டுக் காட்டினாயே அந்த நூல், தலைமுடியை உரித்து அதில் பாதி எடுத்தாற்போல இருந்ததே, அதுவா என்னை இரண்டு மாதம் இந்தப் பாடு படுத்தியது? அந்த நூலின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நூல் இழுத்துக் கட்டிப் பிழைக்கிறவன் நான், நூலாலேயே கட்டுப்பட்டேன்.

கதவு நிலையின் தாடி குறுந்தாடி ஆகிவிட்டது. லேசர் கோடு இப்போது இரண்டு விரல் அகலம். ஆனாலும் ஏணிக்கும் கைப்பிடிக்கும் இன்னும் சலுகை தொடர்கிறது.

நீ சொன்னபடி இங்கே உள்ள கண் கிளினிக்கில் 22-ம் தேதி ஒரு அளவு, மே 1-ம் தேதி ஒரு அளவு எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் கண்ணாடி. அதற்குள் ஹால் தளம் கூட முழுசாகக் காய்ந்துவிடும். வட்டமான பிரேம் போடு. சதுரமாகப் போட்டால் அதன் ஓரம் நேராக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ கையைப் பிடித்ததை அத்தையிடம் சொல்லவில்லை.

மாமா


மே 4

மாமா,

இரண்டு அளவும் வந்தன. எண்ணும் அதே, திசையும் அதே. தளம் இறங்கி முடிந்தது. மிச்சம் இருக்கிற சிலிண்டருக்குக் கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கிறேன், வட்டப் பிரேமில். இங்கே மூன்று தடவை சரிபார்த்தேன்.

முதல் இரண்டு நாள் தரை ஏறி இறங்குவது போல இருக்கலாம், பழகிவிடும். வலது லென்ஸில் இரண்டு சின்ன மைப்புள்ளி இருக்கும். அது எங்கள் அடையாளம், துடைத்தால் போய்விடும்.

வாரக்கடைசி இரண்டு நாளும் முகாம் வேலை. அவசரமாக எழுதுகிறேன்.

மருமகள்


மே 9

மருமகளுக்கு,

பட்டம் எதுவும் இல்லை, மனசு சரியில்லை.

கண்ணாடி வந்தது. போட்டேன். போடாமல் இருந்ததே சொர்க்கம். குறுந்தாடி வைத்திருந்த கதவு நிலை இப்போது கம்பளி போர்த்தி நிற்கிறது. முன்பாவது ஏணி தெரிந்தது. இப்போது ஏணியும் போயிற்று. இரண்டு நாள் பழகும் என்றாயே என்று மூன்று நாள் பழகினேன். குளியலறை வாசற்படியில் காலை இடித்துக்கொண்டதுதான் பழக்கம்.

நேற்று ஹாலுக்குப் போனேன். லேசரை மெஷினைத் தட்டச் சொன்னேன். கோடு தெரிகிறதா என்று அவன் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், மெஷினை அணைத்தான்.

இன்று காலை என்ஜினியரிடம் போய், முதல் வரிசையை லேசருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். "யோசிச்சு சொல்லுங்க மேஸ்திரி" என்றார். யோசித்ததுதான்.

உன் மேல் கோபம் இல்லை. நீ உன் வேலையைச் செய்தாய். கண் என் கண், அது தன் வேலையைச் செய்யவில்லை.

மாமா


மே 11

மாமா,

பார்சல் சர்வீஸில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும். பதிலையும் அதிலேயே அனுப்புங்கள்.

என்ஜினியரிடம் ஒன்றும் முடிவாகச் சொல்ல வேண்டாம். நான் அனுப்பிய கண்ணாடி தப்பாக இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் அது என் வேலைக்கே கேடு, நான் ராஜினாமா எழுத வேண்டியதுதான். அதனால் பெருமையை விட்டுவிட்டு நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

ஒரு பெரிய தாளில் கடிகார முகம் வரையுங்கள். நடுவிலிருந்து பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டு கோடு, ஒன்றே போல் தடித்த கறுப்பு. உங்களைவிட நேராக யாரும் வரைய முடியாது, சின்ன உதவிக்கு அத்தையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹாலின் அந்தக் கடைசியில் அல்ல, வீட்டிலேயே பத்தடி தள்ளி ஒட்டுங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள். முதலில் கண்ணாடி இல்லாமல், எந்தக் கோடு எல்லாவற்றையும்விடக் கறுப்பு? பிறகு கண்ணாடியோடு, எந்தக் கோடு கறுப்பு?

மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். ஒரு தடவையாவது.

மருமகள்


மே 13

மருமகளுக்கு,

உத்தரவுப்படி. தாள் ஒட்டினேன், பத்தடி அளந்து நின்றேன். அத்தை பக்கத்தில் நின்று, நான் ஏமாற்றுகிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி இல்லாமல்: ஒன்றரை மணி இருக்கவேண்டிய இடத்தின் இரண்டு பக்கமும், அதாவது ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகிற கோடுகள் கறுப்பு, அவற்றுக்கு எதிரே ஏழும் எட்டும் கறுப்பு. மற்றவை பூசணம். பத்து, பதினொன்று மிகக் கேவலம்.

கண்ணாடியோடு: கறுப்பே இல்லை. பன்னிரண்டு கோடும் ஒரே சாம்பல். சமத்துவம் பொங்குகிறது.

மிகைப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட அத்தை தயார்.

மாமா


மே 15

மாமா,

அந்தக் கண்ணாடியை என்ன செய்தீர்கள்?

நான் கொடுத்த பவர் குறைவாக இருந்திருந்தால், கண்ணாடி போட்ட பிறகும் அதே ஒன்றும் இரண்டும்தான் கொஞ்சம் கறுப்பாக இருக்கும். எல்லாமே சாம்பல் ஆகிறது என்றால் ஒன்றுதான் அர்த்தம். லென்ஸ் பிரேமுக்குள்ளே திரும்பியிருக்கிறது. சிலிண்டர் லென்ஸ் எந்தப் பக்கமும் ஒன்று என்று இருக்கிற சாதா லென்ஸ் இல்லை. அதற்குத் திசை உண்டு. முப்பது டிகிரி திரும்பினால் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்று. அதற்கு மேல் திரும்பினால், போடாததே மேல். உங்கள் லென்ஸ் எப்படியும் நாற்பத்தைந்து திரும்பியிருக்கும்.

வட்டப் பிரேமில் தானாகவும் திரும்பும், ஸ்க்ரூ தளர்ந்தால். ஆனால் புதுக் கண்ணாடி, மூன்று நாளில் தளராது. அந்த இரண்டு மைப்புள்ளி சாய்வாக இருந்ததா மாமா? அதைப் பார்த்ததும் உங்களுக்குக் கை அரித்ததா?

அந்தச் சாய்வில்தான் உங்கள் பார்வையே இருக்கிறது.

திருத்துவது எளிது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைக் கால் திருகு தளர்த்தி, அதே கடிகாரத்தைப் பார்த்தபடி லென்ஸை மெதுவாகத் திருப்புங்கள். பன்னிரண்டு கோடும் ஒரே கறுப்பாகிற இடத்தில் நிறுத்தி, இறுக்குங்கள். பிறகு அந்தக் கிளினிக்கில் காட்டித் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் திருப்புகிற வேலை. இந்த ஊரில் நான் யாரையும் நம்பிச் சொல்ல மாட்டேன். உங்களைச் சொல்கிறேன்.

மருமகள்


மே 17

வழக்கறிஞரும் நீதிபதியும் போலீசும் ஒரே ஆளான மருமகளுக்கு,

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பார்சலைப் பிரித்தேன். புள்ளி இரண்டும் சாய்ந்து நின்றன. பிள்ளை எவ்வளவு அவசரத்தில் மாட்டியிருக்கிறாள் பாவம், முகாம் வேலை வேறு என்று பரிதாபப்பட்டு, கடைக்காரரிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, பிரேமின் மேலே ரசமட்டத்தை வைத்து, நீர்க்குமிழி நடுவில் வந்ததும், புள்ளி இரண்டையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். துளி பிசகவில்லை. உலகத்திலேயே மிக மட்டமான கண்ணாடி என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். பிறகு புள்ளியைத் துடைத்தும் விட்டேன், உன் பிழையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அத்தை இன்னும் சிரித்து முடிக்கவில்லை, அரிசியில் கல் பொறுக்குகிறபோதெல்லாம் தோள் குலுங்குகிறது.

நீ சொன்னபடி திருப்பினேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதலில் இரண்டு கோடு கறுத்தன, பிறகு நாலு கோடு, பிறகு எட்டு. கடைசியில் பன்னிரண்டும். கிளினிக்கில் காட்டினேன். ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் என்றார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

இனிமேல் எழுதப் போவது வேறு.

கண்ணாடியோடு ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். போன வருஷம் நான் போட்ட பஸ் டிப்போ வராந்தா இருக்கிறதே, அங்கே போய் நின்றேன். பன்னிரண்டாவது வரிசை ஓடுகிறது. அறுபது அடியில் ஒரு விரல் தள்ளி ஓடுகிறது. அதைப் பார்த்த பிறகு நான்கைந்து இடம் போனேன். பள்ளிக்கூடப் படிக்கட்டு, அந்தத் துணிக்கடை மாடி. சில இடத்தில் தப்பு இருக்கிறது. சில இடத்தில் தப்பு இருந்து, யாரோ எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அந்தச் சந்துப் பூச்சின் நிறம் கொஞ்சம் வேறு. என் கண்ணுக்கு இப்போது அதுவும் தெரிகிறது.

லேசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க வீட்டுக்குப் போனப்புறம் எடுத்து ஒட்டுவேன் மேஸ்திரி. எல்லாத்தையும் பிடிக்க முடியல" என்றான். இரண்டு வருஷமாக. ஏன் சொல்லவில்லை என்றேன். "எப்படிச் சொல்றது" என்றான்.

இரண்டு வருஷம் நான் கழுகு, அவன் என் பின்னால் முட்டி போட்டுக்கொண்டு.

என்ஜினியரிடம் போய் அவனே பேசியிருக்கிறான். "முதல் வரிசை மேஸ்திரி போடட்டும். தப்பா இருந்தா நான் சொல்றேன்" என்று. என்ஜினியர் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் சரியாகப்படவில்லை. அவன் சொல்ல மாட்டான். இரண்டு வருஷம் சொல்லாதவன், அன்று மட்டும் எப்படிச் சொல்வான்? நான் தப்பாகப் போட்டால், நான் போன பிறகு எடுத்துத் திரும்ப ஒட்டுவான். அப்படி ஒரு வரிசைக்கு நான் எதற்கு?

மாமா


மே 19

மாமா,

முதலில் என் தப்பு. புள்ளி எதற்கு என்று நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். சாய்ந்த புள்ளியை உங்களிடம் அனுப்பிவிட்டு, சும்மா துடைத்துவிடுங்கள் என்றது என் முட்டாள்தனம். இனிமேல் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புவேன்.

இரண்டாவது, நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. போன வருஷம் லேசர் எனக்கு போன் பண்ணினார். "மேஸ்திரி கண்ணு சரியில்லம்மா. நான் சொன்னா அவரு பூச்சுக் கரணையைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அழுது அடம்பிடித்தேன். சொல்ல வழி தெரியாமல் அவர் தேடிக் கண்டுபிடித்த வழி நான். அதனால் அவருக்குச் சொல்ல வராது என்று நினைக்காதீர்கள்.

கடைசி அளவு என் முன்னால் இருக்கிறது. உங்கள் வலது கண் கண்ணாடியோடு கடைசி வரி வரைக்கும் படிக்கிறது. இது நான் மாமாவுக்காகச் சொல்வதில்லை. வேறு யார் வந்தாலும் இதே சீட்டைத்தான் எழுதிக் கொடுப்பேன்.

போய்ப் போடுங்கள்.

மருமகள்


மே 23

மருமகளுக்கு,

நேற்று காலை ஏழரைக்கு ஆரம்பித்தோம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நூல் கட்டினேன். லேசர் மெஷினைத் தட்டினான். சிவப்புக் கோடு நூலின் மேலேயே படுத்தது, நூல் அகலத்துக்கு. மெஷினை அணைக்கச் சொல்லவில்லை, எரியட்டும் என்றேன்.

என்ஜினியர், மேற்பார்வையாளர்கள் இரண்டு பேர், சிமென்ட் கலக்குகிறவர்கள், ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்ட வந்தவர்கள், எல்லாரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். மூவாயிரம் பேர் என்று எழுதலாம். பதினோரு பேர்.

அறுபது கல். இரண்டடிக் கல். முதல் இருபதில் எனக்கு முட்டி வலித்தது, ஆனால் சந்து ஒவ்வொன்றும் எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. முப்பதில் டீ. நாற்பதுக்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்ததும் கை வேகம் கூடிவிட்டது.

நாற்பத்தியேழாவது கல்லைத் தட்டி அடுத்ததை எடுக்கிறேன். பின்னாலிருந்து சத்தம்.

"மேஸ்திரி, நிறுத்துங்க. நாப்பத்தியேழு உக்காரல. இந்தப் பக்கம் ஏறியிருக்கு. எடுங்க."

எல்லார் முன்னாலும். ஹால் வெறும் ஹால், எதிரொலி வேறு. என்ஜினியர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நான் திரும்பி லேசரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் கை நீட்டி நாற்பத்தியேழைக் காட்டிக்கொண்டே இருந்தான். நான் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். கல்லின் வலது ஓரம் ஒரு நகக்கண் உயரம் ஏறியிருந்தது. தெரிந்தது.

"ஆமாடா. அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

"அவசரமென்ன, பஸ்ஸா போகுது?" என்றான்.

பதினெட்டு வருஷத்தில் இவன் என்னை அதட்டியது இதுதான் முதல் தடவை. அந்த ஹாலிலேயே எழுந்து ஆடலாம் போல இருந்தது எனக்கு. கல்லை எடுத்தேன், அடியில் கலவையை வழித்தேன், திரும்ப உட்கார வைத்தேன். அவன் பக்கத்தில் வந்து முட்டி போட்டான். அதற்குப் பிறகு ஐம்பத்தி மூணிலும் ஒன்று சொன்னான். அது அவன் தப்பு, கல் சரியாகத்தான் இருந்தது, அதை நான் அவனிடம் சத்தமாகவே சொன்னேன்.

நாலு மணிக்கு அறுபதாவது கல் எதிர்ச் சுவரைத் தொட்டது. இன்று காலை ஏழரைக்கு இரண்டாவது வரிசை தொடங்கினோம். அவன் அந்தக் கடைசியிலிருந்து, நான் இந்தக் கடைசியிலிருந்து.

மாமா